பாடியவர் பெயர்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பாடகிகளைப் பற்றி ஒரு ரசிகையாக வந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன். நான் சங்கீதம் முறையாகப் படித்தவள் அல்ல. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் பாட்டுக்கு நடுவிலேயே வளர்ந்தவள். அப்பா காங்கேயம் பக்கத்தில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி, கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் எங்கள் வீட்டிலிருந்துதான் ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் வண்டி ஏறும். கூடவே ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். திரும்பி வந்த தட்டுகளைத் துடைத்து உறையில் போடுவது என் வேலை. உறை கிழிந்து புது உறை மாற்றினால் படத்தின் பெயர், பாட்டு, பாடியவர் பெயர் மூன்றையும் எழுத வேண்டும். முதல் இரண்டை எழுதி மூன்றாவதை விட்டுவிட்டால் அப்பா ஒப்ப மாட்டார். “பாடுனவங்க பேர எழுதாம தட்ட உள்ள வெக்காத கண்ணு” என்பார்.

அப்படி எழுதிப் பழகிய பெயர்கள் சிலவற்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். எல்லாரையும் பற்றிப் பேச நேரம் போதாது. எம்.எஸ். சுப்புலட்சுமியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியவர், 1998இல் பாரத ரத்னா பெற்றவர், இன்றைக்கும் பல ஊர்களில் பொழுது விடிவதே அவர் குரலில்தான். அவர் புகழ் என் பேச்சை நம்பி இல்லை. என் மனதில் அவருக்குச் சமமாக உட்கார்ந்திருக்கும் வேறு சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பா தட்டுகளைத் தரம் பிரிக்கும் முறையே தனி. குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு குணம் உண்டு. கனத்த நாதம் அதில் வராது. மெல்லிய நெளிவுகள் காற்றோடு போய்விடும். நடுவிலிருந்து மேல் பக்கம் இருக்கும் நாதம்தான் காடு தாண்டிப் போய்ச் சேரும். வேப்ப மரத்தில் கட்டிய குழாயிலிருந்து எந்தக் குரல் அடுத்த ஊர் வரைக்கும் எழுத்துப் பிசகாமல் கேட்கும், எந்தக் குரல் பந்தலோடு நின்றுவிடும் என்பது அப்பாவுக்கு அத்துப்படி. அந்தக் கணக்கில் முதல் இடம் கே.பி. சுந்தராம்பாளுக்கு.

கொடுமுடி எங்களுக்குப் பக்கம். சுந்தராம்பாள் அங்கே 1908இல் பிறந்தவர். ஏழ்மையில், ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியை நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள் என்ற கதை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். என் அம்மாயி அவருடைய நாடகம் பார்த்தவர். அதைப் பற்றிக் கேட்டால் கதையைச் சொல்ல மாட்டார், நடிப்பைச் சொல்ல மாட்டார். “அந்தப் புள்ள பாடுனா ஆத்துக்கு அக்கரையில கேக்கும் கண்ணு” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

அந்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். அந்தக் கால ஸ்பெஷல் நாடகம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி விடிய விடிய நடக்கும். மைக் கிடையாது. ஹார்மோனியம் ஒருபுறம், மிருதங்கம் ஒருபுறம். கொட்டகைக்குள் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அவன் அங்கிருந்தே சொல்லிவிடுவான். வள்ளி திருமணத்தில் வள்ளியும் வேடனும் தர்க்கம் செய்வார்கள். பாட்டுக்குப் பாட்டு, ஸ்வரத்துக்கு ஸ்வரம். எதிரில் நிற்பவர் செங்கோட்டை கிட்டப்பா, உச்ச சுருதியில் பாடிப் பெயர் வாங்கியவர். அவருக்கு எதிரே நின்று, அவர் விட்ட இடத்தில் எடுத்து, அதற்கு மேல் ஒரு படி ஏறிக் காட்ட வேண்டும். இரவெல்லாம் அப்படிப் பாடிவிட்டு மறுநாள் அடுத்த ஊரில் மறுபடியும் பாட வேண்டும். இதைத் தொண்டையால் மட்டும் செய்ய முடியாது. அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, அதை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று தெரிந்தவரால்தான் முடியும்.

கிட்டப்பாவும் அவரும் மணந்துகொண்டார்கள். 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று வெள்ளைச் சேலை கட்டியவர் கடைசி வரை அதை மாற்றவில்லை. ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். பிறகு ‘நந்தனார்’ படத்தில் நடிக்க அழைத்தார்கள். 1935இல் வந்த அந்தப் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். கதாநாயகியாக அல்ல, நந்தனாராகவே நடித்தார். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். கணவனை இழந்த ஓர் இளம் பெண் ஆண் வேடத்தில், அதுவும் தீண்டாமையைச் சுமந்த ஓர் அடியாரின் வேடத்தில் நின்று பாடியிருக்கிறார். அந்தச் சம்பளத்தைப் பற்றி ஆச்சரியமாகப் பேசுகிறவர்கள் இதைப் பற்றியும் பேச வேண்டும். ‘ஔவையார்’ 1953இல். அதற்கு முன்பே, 1951இல், சென்னை மாநில சட்ட மேலவை உறுப்பினராகிவிட்டார். காங்கிரஸ் மேடைகளில் பாடிப் பாடியே கூட்டம் சேர்த்தவர் அவர்.

‘திருவிளையாடல்’ படம் 1965. கோபித்துக்கொண்டு மலையேறிவிட்ட முருகனை ஔவை சமாதானம் செய்யும் காட்சி உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அடுத்த முறை படத்தைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேளுங்கள். தாளம் இல்லாமல் விருத்தமாகத் தொடங்குகிறார். திரும்பத் திரும்ப ழகரம் வருகிறது. உச்சத்தில் நின்று ழகரத்தைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாக்கை மடித்தால் நாதம் அடைபடும், நாதத்தைத் திறந்தால் ழகரம் லகரமாகிவிடும். சுந்தராம்பாளுக்கு இரண்டும் கெடவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழகிய நாக்கு, மைக் முன்னால் நின்றபோதும் அந்த ஒழுக்கத்தை விடவில்லை.

இந்த இடத்தில் என் மனதில் வெகுநாளாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பாடகியைப் பாராட்டும்போது ‘தெய்வம் தந்த குரல்’ என்கிறோம், ‘சரஸ்வதி நாவில் குடியிருக்கிறாள்’ என்கிறோம். அன்போடு சொல்வதுதான். ஆனால் அப்படிச் சொன்ன மாத்திரத்தில் அந்தப் பெண் பாடுபட்டதெல்லாம் தெய்வத்தின் கணக்கில் போய்விடுகிறது. அவள் பழகியது, எண்ணியது, தீர்மானித்தது, ஒரு சொல்லை இப்படிச் சொல்லலாமா அப்படிச் சொல்லலாமா என்று யோசித்தது எதுவும் மிஞ்சுவதில்லை. நான் இவர்களை நேசிப்பது அந்தப் பாடுகளுக்காக. ஒரு பாட்டில் பாடியவர் என்ன வேலை செய்திருக்கிறார் என்று காது கொடுத்துக் கண்டுபிடிக்கும்போது எனக்குக் கிடைக்கும் சந்தோஷத்துக்கு ஈடாக வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

டி.கே. பட்டம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு டீச்சருக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா? எங்கள் பெட்டியில் அவருடைய பாரதியார் பாட்டுத் தட்டுகள் இருந்தன. சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்துக்குப் போகும் தட்டுகள் அவை. 1947 ஆகஸ்ட் 15 அன்று அகில இந்திய வானொலியில் பாரதி பாடலைப் பாடியவர் அவர்தான் என்பதை அப்பா எல்லாத் தலைமையாசிரியர்களிடமும் சொல்லுவார். அதே ஆண்டு வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்திலும் அவர் பாரதி பாடல்களைப் பாடினார். சினிமாவில் தேச பக்திப் பாட்டும் தெய்வ பக்திப் பாட்டும் மட்டுமே பாடுவேன், காதல் பாட்டுப் பாட மாட்டேன் என்பதில் அவர் கடைசி வரை தெளிவாக இருந்தார்.

தட்டில் மூன்று நிமிஷம்தான். பட்டம்மாள் யார் என்பது எனக்கு முழுதாகத் தெரிந்தது சனிக்கிழமை இரவுகளில் வானொலியின் தேசிய நிகழ்ச்சியைக் கேட்கத் தொடங்கிய பிறகு. ராகம், தானம், பல்லவி. பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அந்த வரியை ஒரு தாளத்துக்குள் உட்கார வைக்க வேண்டும். ஆதி தாளம் என்றால் எட்டு அட்சரம். நாலு களை என்றால் ஒவ்வோர் அட்சரத்துக்குள்ளும் நான்கு எண்ணிக்கை, ஆக 32. வரி சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், தொடங்காமல் சற்றுத் தள்ளித் தொடங்கலாம். நடுவில் ஓர் இடத்தில் மூச்சு வாங்கி நிற்கும், அதற்கு அருதி என்று பெயர். பிறகு அனுலோமம் வரும். கை போடும் தாளம் அதே வேகத்தில் நடக்கிறது. வாய் பாடும் வரி இரண்டு மடங்கு வேகமாகிறது, பிறகு நான்கு மடங்கு. கையும் வாயும் இரண்டு வேறு வேகங்களில் நடந்து, சரியான எண்ணிக்கையில் ஒன்றாக வந்து சேர வேண்டும். ஒரு மாத்திரை பிசகினாலும் கூட உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரருக்குத் தெரிந்துவிடும். பட்டம்மாள் பாடும்போது அந்த வரி வந்து சமத்தில் விழும் சப்தத்தில் ஒரு நிச்சயம் இருக்கும். வேகம் நான்கு மடங்கானாலும் அவர் குரலில் அவசரம் தெரியாது. ஒவ்வொரு எழுத்தும் தன் இடத்தில் தன் நேரத்தில் நிற்கும்.

இதை ஒரு பெண் செய்வது அந்தக் காலத்தில் என்ன பொருள் தந்தது என்று பாருங்கள். பல்லவி ஆண்களின் சொத்து என்று இருந்தது. பெண்கள் கீர்த்தனை பாடலாம், துக்கடா பாடலாம். லயக் கணக்கு அவர்களுக்கு எதற்கு என்பார்கள். மேடையில் தொடையில் தட்டித் தாளம் போடுவதே அடக்கமில்லை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். பட்டம்மாளின் தாயார் நன்றாகப் பாடக்கூடியவர். வீட்டு வழக்கத்தால் உறவினர் முன்னால்கூட அவர் பாடியதில்லை. அந்த வீட்டில் 1919இல் பிறந்த பெண், காஞ்சிபுரத்தில் நயினாப் பிள்ளை நடத்திய உற்சவக் கச்சேரிகளைக் கேட்கத் தம்பிகளோடு போவார். நயினாப் பிள்ளை லயத்தில் சிங்கம். கேட்டதை வீடு திரும்புவதற்குள் அக்காளும் தம்பிகளும் சேர்ந்து ஸ்வரப்படுத்தி வைத்துவிடுவார்களாம். முறையான குருகுலவாசம் வாய்க்காத ஒரு சிறுமிக்கு அந்தத் தெருதான் குருகுலம். பள்ளி நாடகத்தில் பாடியதைக் கேட்ட தலைமையாசிரியை ஊக்கம் கொடுத்தார். 1932இல், 13 வயதில், சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி. பின்னாளில் தீட்சிதர் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதரிடம் தீட்சிதர் கிருதிகளைப் பாடம் செய்தார். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்த பாலக்காடு மணி ஐயர் பட்டம்மாளுக்கு வாசித்தார். இரண்டு பேரும் பின்னால் சம்பந்திகளும் ஆனார்கள். மணி ஐயர் அந்த மேடையில் உட்கார்ந்ததற்கு உறவு காரணம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பல்லவிகளைக் கேட்டவர்களுக்குக் காரணம் தெரியும்.

பட்டம்மாளுக்கு முந்தைய தலைமுறையைப் பற்றி ஒரு செய்தி. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்தவர். தம் சொத்தையும் நகையையும் போட்டுக் கட்டி 1925இல் கும்பாபிஷேகம் செய்தார். ஆனால் அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது. தாம் கட்டிய கோயிலில் தாமே பாட முடியாது. அவர் சண்டை போட்டுக் கொண்டு ஊர் திரும்பவில்லை. 1927இல் பெண்களைச் சேர்த்துத் தனியாகவே ஓர் ஆராதனை நடத்தத் தொடங்கினார். ஊரார் அதைப் பெண் கட்சி என்றார்கள். 1940 வாக்கில்தான் எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின. இன்றைக்குத் தை மாதத்தில் அங்கே பெண்களும் ஆண்களும் சரிசமமாக உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுவதை டிவியில் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் அந்த அம்மாள் இருக்கிறார். தியாகராஜருக்கு அவரைவிடப் பெரிய ரசிகை ஒருவர் இருந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். அவர் 1952இல் மறைந்தார்; தியாகராஜரைப் பார்த்தபடி எதிரிலேயே அவருக்கும் நினைவிடம் இருக்கிறது.

வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தா, முக்தா சகோதரிகளையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் குழாய் ஸ்பீக்கருக்குக் கொஞ்சமும் ஒத்துவராத பாட்டு அவர்களுடையது. மெதுவான காலத்தில் க்ஷேத்ரக்ஞர் பதம் ஒன்றைப் பாடுவார்கள். இரண்டு குரல், ஆனால் கமகத்தின் நுனி வரை ஒன்றாக வளையும். எம்.எஸ்ஸும் ராம்நாட் கிருஷ்ணனும் பிருந்தாவிடம் பதம் பாடம் செய்துகொண்டவர்கள். அதற்கு மேல் அந்தப் பாட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி போதாது.

சினிமாவுக்கு வருகிறேன். இதில்தான் பெயர் விஷயம் முக்கியமாகிறது. பழைய படங்களின் டைட்டிலில் பின்னணி என்று போட்டு எல்லாப் பெயரையும் மொத்தமாக ஓட்டிவிடுவார்கள். எந்தப் பாட்டு யார் பாடியது என்று கொட்டகையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததற்குக் காரணம் இலங்கை வானொலி. படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அறிவிப்பாளர்கள் பெயர்களை மரியாதையாக உச்சரிப்பார்கள். நான் ஒரு நோட்டுப் போட்டு அதில் எழுதிக்கொள்வேன். நோட்டில் அதிகப் பக்கம் பி. சுசீலாவுக்கு. காரணம் சுலபம்: சுசீலா பாடினால் வரிகளை ஒரே முறை கேட்டு எழுதிவிடலாம். சொல்லின் கடைசியில் வரும் மெய்யெழுத்தை விழுங்க மாட்டார். ம் என்றால் உதடு மூடுவது கேட்கும். அவர் விஜயநகரத்தில் பிறந்து தெலுங்கு பேசி வளர்ந்தவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. ஏ.வி.எம்.மில் மாதச் சம்பளத்தில் இருந்தபோது ஆசிரியர் வைத்துத் தமிழ் உச்சரிப்பு கற்றார். பின்னணிப் பாடகிக்கென்று தேசிய விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது 1968ஆம் ஆண்டுப் படங்களுக்கு. ‘உயர்ந்த மனிதன்’ படத்துக்காக அதைப் பெற்றவர் சுசீலா. அடுத்த ஆண்டு ‘துணைவன்’ படத்துக்காகப் பெற்றவர் சுந்தராம்பாள். இந்த இரண்டு பெயரையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

எஸ். ஜானகிக்கு ‘கொஞ்சும் சலங்கை’ ஒன்று போதும். 1962. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தோடு ஆபேரியில் போட்டி போட்டுக்கொண்டு ஸ்வரம் பாடுகிறார். நாகசுரம் கோயில் வீதிக்கென்று பிறந்த வாத்தியம். அதன் பிர்கா எந்த வேகத்தில் உருள்கிறதோ அதே வேகத்தில் இருபதுகளில் இருந்த ஒரு பெண்ணின் குரல் உருண்டு போய் அதன் பக்கத்தில் நிற்கிறது. திருவிழாவில் இந்தத் தட்டைப் போட்டால் நிஜ நாகசுரக்காரர்கள் மேளத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பிறகு ‘அன்னக்கிளி’, ‘16 வயதினிலே’ என்று வேறு ஒரு காலம் வந்தது, அங்கேயும் ஜானகிதான்.

இனி எல்.ஆர். ஈஸ்வரி. என் மனதுக்கு மிக நெருக்கமானவர் இவர். அவருடைய தாயார் நிர்மலா, ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். அம்மாவோடு கூடப் போன பெண், தானும் கோரஸில் நின்றாள். கோரஸ் பாடுவது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவராக நிற்க வேண்டும். தனிக் குரல் தெரியக் கூடாது. முதன்மைப் பாடகி தவறினால் எல்லாரும் மறுபடி பாட வேண்டும். டைட்டிலிலும் பெயர் வராது, தட்டிலும் வராது, இலங்கை வானொலியிலும் வராது. அப்பா எழுதச் சொன்ன உறையில் ‘குழுவினர்’ என்று எழுதுவேனே, அந்தக் குழுவினர் அவர்கள்தான். எத்தனை தாய்மார்கள் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறார்கள்!

1958இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் ஈஸ்வரிக்குத் தனிப்பாட்டுக் கொடுத்தார். 1961இல் ‘பாசமலர்’. மணப்பெண்ணைத் தோழிகள் மணவறைக்கு அழைத்து வரும் பாட்டு. அது வந்த பிறகு எங்கள் தொழிலில் ஒரு சட்டமே உண்டாகிவிட்டது: பெண் மணவறைக்கு வரும்போது அந்தத் தட்டுத்தான் ஓட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது அது பெட்டியில் இருக்கிறதா என்றுதான். தட்டு தேய்ந்து கரகரத்தால் அப்பா கோயமுத்தூர் போய் வேறு வாங்கி வருவார். தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் பெண்கள் ஈஸ்வரியின் குரலைக் கேட்டுக்கொண்டே மணவறைக்கு நடந்திருப்பார்கள்! அந்தப் பாட்டிலும் தோழிகளாகக் கோரஸ் இருக்கிறது. ஈஸ்வரி இப்போது முன்னால் நிற்கிறார்.

அவருக்குக் கிளப் பாட்டுப் பாடகி என்று ஒரு முத்திரை குத்தினார்கள். கதாநாயகிக்குச் சுசீலா, ஆட்டக்காரிக்கு ஈஸ்வரி என்று பங்கு பிரித்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண்கள் முணுமுணுக்கக் கூடாத பாட்டு என்று சொன்ன வீடுகளும் உண்டு; முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தோம். ‘சிவந்த மண்’, 1969, எம்.எஸ். விஸ்வநாதன் இசை. அதில் ஒரு பாட்டில் காஞ்சனா ஆட, சாட்டை சொடுக்கி விழும். அந்தச் சொடுக்கும் தாளத்தில் ஒரு பங்கு. சொடுக்கு விழுந்த அடுத்த கணம் குரல் துடித்து எழ வேண்டும். எழும்போதே ஸ்வரத்தில் இருக்க வேண்டும். அலறினால் பாட்டுக் கெடும், பாடினால் அடி பொய்யாகிவிடும். ஈஸ்வரி இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சைக் கண்டுபிடித்திருக்கிறார். வலி, கோபம், ஆட்டத்தின் போதை எல்லாம் அந்த மூச்சில் இருக்கிறது. ஓர் எழுத்துகூட இல்லாத இடம் அது. எழுதிக் கொடுத்த கவிஞருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் அங்கே வேலை முடிந்துவிட்டது; மிச்சம் முழுக்க அவருடையது.

மூன்று வருஷம் கழித்து ‘வெள்ளி விழா’. வி. குமார் இசை. காதோடு ரகசியம் சொல்வதைப் போல ஒரு பாட்டு. சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் சுருதி ஆடவில்லை, சொல் மங்கவில்லை. தொண்டையை விரித்துப் பாடுவதைவிட இப்படி அடக்கிப் பாடுவதற்கு மூச்சு அதிகம் வேண்டும். அவரை வேறு மாதிரிப் பாட்டுக்கும் அழைத்திருந்தால் இப்படி எத்தனை பாட்டு நமக்குக் கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமாக வருகிறது. வாய்ப்புக் குறைந்த காலத்தில் அவர் அம்மன் பாட்டுப் பக்கம் திரும்பினார். ஆடி மாதம் எங்கள் குழாய்களுக்கு ஓய்வே இருக்காது. மாரியம்மன் கோயில் தோறும் ஈஸ்வரிதான். எந்தக் குரலைக் கிளப்புக்கு உரியது என்றார்களோ அதே குரலுக்கு ஊரே தீச்சட்டி ஏந்தி ஆடியது. தாளத்தை முன்னால் தள்ளிக்கொண்டு போகும் அதே துடிப்பு, அதே கணீர். 2011இல் ‘ஒஸ்தி’, 2020இல் ‘மூக்குத்தி அம்மன்’ படங்களிலும் பாடினார். எண்பது வயதிலும் அந்தக் குரலுக்குக் கூட்டம் எழுந்து ஆடியது.

சுவர்ணலதாவைப் பற்றி இன்னும் அதிகம் பேசியிருக்க வேண்டும். 1987இல் எம்.எஸ்.வி. இசையில் பாரதி பாடலோடு வந்தவர், ‘கருத்தம்மா’வுக்காக 1994ஆம் ஆண்டின் தேசிய விருது பெற்றவர், 2010இல் 37 வயதில் போய்விட்டார். பேட்டிகளிலோ மேடைகளிலோ தன்னை முன்னிறுத்தாதவர். ‘கருத்தம்மா’வில் விருது பெற்றுத் தந்த அந்தச் சோகப் பாட்டில் எந்த இடத்திலும் அவர் விம்ம மாட்டார். விம்மல் தொண்டை வரை வந்து நிற்பதை, வரியின் முடிவில் குரலைச் சற்று முன்னதாகவே விட்டுவிடுவதால் காட்டுவார். குழாய் ஸ்பீக்கர் காலம் முடிந்து கேசட் வந்த பிறகு கேட்ட குரல் அது. அப்பா அப்போது தொழிலை விட்டுவிட்டார். ‘சத்ரியன்’ படத்தில் அவர் பாடிய பாட்டை நான் டேப்பில் போட்டபோது, யார் பாடியது என்று கேட்டு, பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நான் பேசியது போதும். பாட்டுப் போடும் அந்தத் தம்பியிடம் பாட்டுகளை வரிசைப்படுத்திக் கொடுத்திருக்கிறேன். முதலில் ‘சிவந்த மண்’, உடனே ‘வெள்ளி விழா’. நடுவில் இடைவெளி விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், இரண்டும் ஒரே ஆள்தான் என்பது அப்போதுதான் தெரியும். பிறகு சுந்தராம்பாள். கடைசியில் பட்டம்மாளின் பல்லவி ஒன்று, கொஞ்சம் நீளமானது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் சுந்தராம்பாளோடு கிளம்பிவிடலாம். இருப்பவர்கள் எல்லாரும் தொடையில் கை வைத்துத் தாளம் போடுங்கள். பெண்கள் சத்தமாகவே போடுங்கள். எண்ணிக்கை விட்டுப்போனால் நிறுத்த வேண்டாம், பட்டம்மாள் சமத்துக்கு வரும்போது நீங்களும் வந்து சேர்ந்துகொள்ளலாம். போடுங்க தம்பி.